ஊசி மருந்திலும் பங்கு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் ஒரு வெள்ளை அட்டை டப்பா இருந்தது. அதற்குள் அம்மாவுக்கான ஊசிகள். அந்தத் தட்டில் வேறு எதையும் வைக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. ஒருநாள் அவசரத்தில் சாளைமீன் குழம்புச் சட்டியை மேல்தட்டில் திணித்தேன். சட்டி சாய்ந்து டப்பாவின் மூலையில் குழம்பு சொட்டிவிட்டது. துடைத்தும் போகவில்லை. இலங்கை வரைபடம் போல ஒரு மஞ்சள் கறை. அம்மா திட்டிய திட்டு பக்கத்து வீட்டு நாய்க்கு மனப்பாடம்.

அடுத்த வாரம் ஃப்ரிட்ஜைத் திறந்தால் டப்பா இருக்கிறது, கறையைக் காணோம்.

மீன்குழம்புக் கறை அட்டையை விட்டுத் தானாகப் போனதாகச் சரித்திரம் இல்லை. எடுத்து முகர்ந்தேன். அத்தர் வாசம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம். வீட்டில் மீன் வாசம் வரும், அப்பாவின் மீன்பிடி வள்ளத்து டீசல் வாசம் வரும். அத்தர் எங்கிருந்து வரும்?

அதற்கடுத்த வாரம் கறை திரும்பி வந்திருந்தது. அதே இலங்கை, அதே மூலை.

யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை நான். பயோடெக்னாலஜி படித்ததில் கிடைத்த ஒரே சொத்து அதுதான், வேலை இன்னும் கிடைக்கவில்லை. இந்த ஊசி விஷயத்தில் முதல் நாளிலிருந்தே எனக்குச் சந்தேகம்.

அம்மாவுக்கு முடக்குவாதம். தூத்துக்குடியில் முத்தையாபுரம் பக்கம் ஒரு நண்டுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். வேகவைத்த நண்டை உடைத்து, சின்னக் கத்தியால் ஓடு கலக்காமல் சதையை எடுக்க வேண்டும். விரல் பேசுகிற வேலை. ஒரு மழைக்காலத்தில் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுத்தன. பிறகு மதியம் வரை மடங்க மறுத்தன. பிறகு கம்பெனி வேன் எங்கள் தெருவில் நிற்காமலே போகத் தொடங்கியது. மாத்திரை வேலை செய்தது, ஆனால் பாதிதான்.

"வீட்ல ஒக்காந்து ஒன் மூஞ்சியவே பாத்துட்டுக் கெடக்கணுமாளா நான்?" என்பாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கை மடங்கணும், அந்த நண்டு மேசைக்குத் திரும்பணும்.

அப்போதுதான் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், ஒரு புது ஊசி ஆராய்ச்சியில் இருக்கிறது, சேர்கிறீர்களா என்று கேட்டார். பழைய மாத்திரையை நிறுத்த வேண்டாம், அதோடு வாரம் ஒரு ஊசி, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றார். பக்கத்தில் நின்ற கோஆர்டினேட்டர் பெண் நிறையச் சிரித்தாள். பஸ் செலவு அவர்களுடையது, டெஸ்ட் இலவசம், டீயும் பிஸ்கட்டும் வேறு. ஓசியில் பிஸ்கட் வந்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். என் கொள்கை அது.

டாக்டர் படம் போட்டு விளக்கினார். எனக்குத் தெரிந்த சங்கதிதான். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஆக்சிஜனை வைத்து அடுப்பு எரிக்கிறது. எரிக்கும்போது பொறி பறக்கும். நல்ல உடம்பு அதை உடனே அணைத்துவிடும். அம்மா மாதிரி ஆட்களின் மூட்டில், காவலுக்கு வந்த செல்களே பொறியை அள்ளி இறைக்கின்றன. பொறி பட்ட இடம் வீங்குகிறது, வீக்கத்தைப் பார்த்து இன்னும் காவலாளிகள் வருகிறார்கள், இன்னும் பொறி. துறைமுகத்துப் பக்கம் இரும்பு கேட் வைத்தவர்களுக்கு இது புரியும். ஓர் ஓரத்தில் துரு பிடித்தால் மேலே பெயிண்ட் அடித்து என்ன புண்ணியம், உள்ளுக்குள்ளே அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

புது மருந்து ஒரு பெப்டைடு. புரதத்தை முழுப் பாசிமாலை என்று வைத்துக்கொண்டால், இது அதிலிருந்து அறுத்த சின்னத் துண்டு. மணிகளின் வரிசையை மாற்றி மாற்றிக் கோத்து, வீங்கிய மூட்டில் மட்டும் போய் ஒட்டுகிற மாதிரி செய்திருக்கிறார்களாம். அங்கே போய்ப் பொறியை அணைக்குமாம்.

"மத்த இடத்தைத் தொடாது. நேரா அந்த மூட்டுக்குத்தான் போகும்," என்றார் டாக்டர்.

"எங்க தெருவுக்குக் கூரியரே ஒழுங்கா வந்து சேராது டாக்டர். இது கரெக்டா வெரலுக்குப் போயிருமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். நான் ஜோக் அடிக்கவில்லை.

"அதைத்தான் பாக்கப் போறோம். தெரிஞ்சா ஆராய்ச்சி எதுக்கு?" என்றார்.

இந்தப் பதில் எனக்குக் கொஞ்சம் பிடித்தது. அதனாலேயே சந்தேகம் கூடியது.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாவுக்கு முழு விவரத்தையும் சொன்னேன். சேர்கிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் மருந்து, மீதிப் பாதிக்கு அதே மாதிரி ஊசியில் வெறும் உப்புத்தண்ணி.

"என்னது? உப்புத்தண்ணியா?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "ஏளா, தூத்துக்குடிய சுத்தி உப்புத்தண்ணிதான கெடக்கு! அத ஊசில ஏத்திக்கிட நான் நெல்வேலிக்கு பஸ் ஏறணுமா?"

"யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாதும்மா."

"தெரியாமலா குத்துதாவ?"

"தெரிஞ்சா அவரு கண்ணு பொய் சொல்லும். மருந்து போட்ட ஆளுக்குக் கொறஞ்ச மாதிரியே அவருக்குத் தெரியும். ஒனக்குத் தெரிஞ்சா ஒன் கையும் பொய் சொல்லும். அதான் ரெண்டு பேரு கண்ணையும் கட்டிருதாவ."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூத்துக்குடிக்கு முந்தின ஊரான புதுக்கோட்டை தாண்டியும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் அம்மா சத்தம் போட்டால் பயப்பட வேண்டியதில்லை, யோசித்தால்தான் பயப்பட வேண்டும்.

சேர்ந்துவிட்டாள். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனாவைப் பிடிக்க முடியாமல், இரண்டு கையாலும் பிடித்துப் போட்டாள். அதைப் பார்த்த பிறகு என் பிஸ்கட் கொள்கையை நான் வெளியே எடுக்கவில்லை.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் அடுத்த டப்பா வாங்கி வர வேண்டும். டப்பாவுக்கு நாலு ஊசி, மேலே எண் ஒட்டியிருக்கும். ஊசி சூடாகாமல் கொண்டுபோக எல்லாரும் ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியோடு வந்து நீள பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் கடற்கரை ஆட்கள். மணப்பாட்டிலிருந்து ஒரு தடித்த அண்ணாச்சி வருவார், பக்கத்தில் அவருடைய கூட்டாளி ஒருவர். காயல்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள், என் அம்மாவைவிட மூத்தவர், மாப்பிள்ளை வளைகுடாவில். ஒருநாள் அவர்கள் பெட்டியில் ஐஸ் உருகித் தண்ணீராகக் கிடந்தது.

"லாத்தா, இங்கன தாங்க," என்று அவர்கள் ஊர் வழக்கில் அக்கா முறை சொல்லி அம்மா எங்கள் பெட்டி ஐஸில் பாதியை அள்ளி அதில் கொட்டினாள். வள்ளத்து வீட்டில் ஐஸுக்கா பஞ்சம்?

எல்லாம் அந்த ஐஸில் தொடங்கியது.

அதன்பிறகு அம்மா சனிக்கிழமைதோறும் காயல்பட்டினம் போகத் தொடங்கினாள். கையில் தெர்மாகோல் பெட்டி, மேலே துண்டு.

"என்னம்மா அது?"

"லாத்தாவுக்குக் கருவாடு."

"கருவாட்டுக்கு எதுக்கு ஐஸு?"

"ஒனக்கு எதுக்குளா இந்த விசாரண? போலீசுக்குப் படிச்சிருக்க வேண்டியதுதான?"

கறை போனது, அத்தர் வந்தது, கறை திரும்பியது எல்லாம் இதற்குப் பிறகுதான். என் தலைக்குள் படம் ஓடியது. அந்த லாத்தா எங்கள் மருந்தை வளைகுடாவுக்கு அனுப்பி விற்கிறாரா? தன்னுடைய உப்புத்தண்ணி டப்பாவை அம்மா தலையில் கட்டிவிட்டு நல்ல டப்பாவை அமுக்குகிறாரா? அம்மா வெள்ளந்தி. ஐஸ் கொடுத்தவளிடம் ஊசியையும் கேட்டால் கொடுத்துவிடுவாள்.

நானும் ரகசியமாக ஒரு பரீட்சை வைத்திருந்தேன். ஃப்ரிட்ஜில் இருக்கும் தண்ணீர் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகி வைப்பேன். பிறகு கட்டிலில் படுத்துக்கொண்டு, "எம்மா, தண்ணி எடுத்துத் தாயேன்," என்பேன். அம்மா திட்டிக்கொண்டே முயற்சி செய்வாள். சில நாள் திறந்தது. பல நாள் திறக்கவில்லை, பாட்டிலை என் நெஞ்சில் போட்டுவிட்டுப் போனாள். கறை வாரமா, அத்தர் வாரமா என்று பொருத்திப் பார்த்தேன். எதற்கும் எதுவும் பொருந்தவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் பஸ் ஏறியதும் நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன். காயல்பட்டினத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே பெண்கள் போகிற முடுக்கு ஒன்று உண்டு, ஓர் ஆள் அகலம்தான். அதற்குள் அம்மா நுழைந்தாள். வண்டியைப் போட்டுவிட்டு நானும் நுழைந்தேன். திறந்திருந்த ஒரு கதவுக்குள் எட்டிப் பார்த்தேன்.

சாப்பாட்டு மேசை. இரண்டு தெர்மாகோல் பெட்டி. இரண்டு வெள்ளை டப்பா. அம்மா கறை டப்பாவை லாத்தா பக்கம் தள்ளினாள், லாத்தா தன் டப்பாவை அம்மா பக்கம் தள்ளினார். நடுவில் இரண்டு கிளாஸ் சாயா.

"எம்மா!"

அம்மா டப்பாவை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள். லாத்தா அசரவில்லை.

"ஒம்மவளா? வா புள்ள, செருப்பக் கழத்திட்டு வா. சாயா குடிப்பியா?"

"சாயாவெல்லாம் வேண்டாம். என்ன நடக்கு இங்கன?"

"பங்கு," என்றாள் அம்மா.

"என்ன பங்கு?"

"ஏளா, ஒங்கப்பா வள்ளத்துல என்ன செய்வாவ? வல யாருது, எவன் கண்ணுக்கு மீனு பட்டுதுன்னா பாக்காவ? கரைக்கு வந்தா ஆளுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, வள்ளத்துக்குப் பங்கு. ஒருத்தன் வெறுங்கையோட வீட்டுக்குப் போலாமா? நீதான சொன்ன, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புத்தண்ணின்னு. லாத்தாவுக்கு மருந்து, எனக்குத் தண்ணின்னா? இல்ல எனக்கு மருந்து, இவியளுக்குத் தண்ணின்னா? அதான் ஒரு வாரம் என் டப்பா எனக்கு, மறு வாரம் இவிய டப்பா எனக்கு. எதுல மருந்து இருந்தாலும் ரெண்டு பேருக்கும் பாதி கெடைக்கும்ல?"

உலகத்தில் எந்த விஞ்ஞானியும் இந்த ஓட்டையை யோசித்திருக்க மாட்டான். நோயாளி டப்பாவைத் திறந்து பார்ப்பான், நக்கிப் பார்ப்பான், விற்பான் என்றெல்லாம் யோசித்திருப்பான். எங்கள் கடற்கரையில் கிடைப்பதைப் பங்கு போடாமல் ஒருத்தி வீட்டுக்குப் போக மாட்டாள் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

"ஊசிய ரெண்டு பேரும் ஒண்ணயே குத்துதியளா?" என்று முதலில் கேட்டேன்.

"சீ! நாங்க என்ன கோட்டியா? தனித்தனி ஊசிதான். குத்தின ஊசிய அந்தந்த டப்பாலயே போட்டுருவோம். கணக்கு சரியா இருக்கும்."

"சரி, எது மருந்து? இவ்ளோ நாளு மாத்தி மாத்திப் போட்டியளே, கண்டுபிடிச்சிருப்பியளே?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"லாத்தா டப்பாதான் மருந்து. அதப் போட்டா கை இளகுது."

"அல்லாஹ்வே, இல்ல புள்ள. ஒங்க உம்மா டப்பாதான். அதப் போட்ட வாரம் நான் தொழுவறப்போ கை ஊணி எந்திரிச்சேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தருக்கு ஒருத்தர் பலகாரத் தட்டைத் தள்ளுவது மாதிரி மருந்தையும் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் மருந்தாக இருக்கலாம். இரண்டுமே உப்புத்தண்ணியாகவும் இருக்கலாம். எங்கள் ஊர்த் தண்ணீரை வாரம் தவறாமல் ஐஸில் பொத்தி, பஸ்ஸில் ஏற்றி, பங்கு போட்டிருக்கலாம்.

நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உண்மையில் கொஞ்சம் குஷியாக இருந்தது. பிஸ்கட் கொடுத்த கம்பெனிக்கு நல்லா வேணும். யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். சொன்னால் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அம்மாவின் கை எப்போதாவது ஒருநாள் இளகுகிறது, அதுவும் போய்விடும்.

லாத்தா சாயா கிளாஸை நீட்டியபோது சேலை முந்தானை விலகியது. முழங்கைக்கு மேலே சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. கழுத்துவரை ஏறியிருந்தது.

"இது என்ன?"

"ஒண்ணுமில்ல. வேக்குரு."

"வேக்குரு இப்படியா இருக்கும்? எப்பலேர்ந்து?"

லாத்தா அம்மாவைப் பார்த்தார். அம்மா சாயாவைப் பார்த்தாள்.

"போனதுக்கு முந்துன தடவ ஊசி போட்ட மறுநா," என்றாள் அம்மா மெதுவாக. "என் டப்பா ஊசி."

"ஆஸ்பத்திரில சொன்னியளா?"

"சொன்னா எந்த டப்பா ஊசின்னு கேப்பாவ..." என்று அம்மா இழுத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தடிப்பைப் பார்த்தால் டாக்டர் லாத்தாவின் எண்ணைத்தான் தேடுவார். அது வேறு ஒரு டப்பாவின் எண். எந்த மருந்தால் வந்தது என்று தப்பாக முடிவு செய்வார், தப்பாக வைத்தியம் பார்ப்பார். ஊசியின் அளவும் உடம்பு எடைக்கு ஏற்றது. அம்மா நெத்திலி மாதிரி, லாத்தா அப்படி இல்லை. அதையும் சொன்னேன். கம்பெனியை ஏமாற்றிய குஷி அந்த நிமிஷமே வடிந்துவிட்டது.

"நீ யாருட்டயும் சொல்லாத," என்றார் லாத்தா என்னிடம். "ஒங்க உம்மாக்குக் கை சரியாவட்டும். எனக்கு இது தானாப் போவும்."

அம்மா எழுந்து அந்தத் தடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். தன்னுடைய மடங்காத விரலின் பின்பக்கத்தால் தொட்டாள், காய்ச்சல் பார்ப்பது மாதிரி.

"டீசல் செலவு வந்தா வள்ளத்துல அதயும் பங்குதான் போடுதோம் லாத்தா. மீன மட்டுமா போடுதோம்? கெளம்புங்க. நாளைக்குன்னு பொறுக்க வேண்டாம், இப்பமே போவோம்."

"கை?"

"கை கெடக்கு."

கோஆர்டினேட்டருக்கு நானே போன் செய்தேன். உடனே வரச் சொன்னாள். அந்தப் போனில் முதல்முறையாக அவள் சிரிக்கவில்லை. சிரிக்காதபோது நல்ல பெண்ணாகவே தோன்றினாள்.

டாக்டர் முதலில் லாத்தாவின் கையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், மூச்சைக் கேட்டார், ரத்தம் எடுக்கச் சொன்னார். பயப்படும்படி இல்லை, ஆனால் இன்று முழுக்க இங்கேயே இருங்கள் என்றார். அதன்பிறகுதான் மேசையில் இருந்த இரண்டு டப்பாவையும் பார்த்தார். கறையையும் பார்த்தார்.

"யார் ஐடியா?"

"நாந்தான்," என்றாள் அம்மா.

"நாந்தான்," என்றார் லாத்தா.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்கதானே?"

"நான் கண்டுபிடிச்சவ, டாக்டர்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன், பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்: "அம்மா, இப்படி மாத்திப் போட்டா இந்த மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்களுக்கும் அதான் சார் தெரியணும்," என்றாள் அம்மா. "எது மருந்து?"

"எனக்குத் தெரியாது. உயிருக்கு ஆபத்துன்னாதான் யாருக்கு எதுன்னு பூட்டி வச்சிருக்கிற குறியீட்டைத் திறந்து பாப்போம். இவங்களுக்கு அந்த அளவுக்கு இல்ல."

உண்மையிலேயே தெரியாதா, சொல்ல மனமில்லையா? அவர் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு டப்பாவும் திரும்பப் போயின. இருவரும் ஆராய்ச்சியிலிருந்து வெளியே. பழைய மாத்திரை தொடரும், பரிசோதனைக்கு மட்டும் கொஞ்ச நாள் வர வேண்டும்.

சாயங்காலம் லாத்தாவின் தடிப்பு வெளுக்கத் தொடங்கிய பிறகு விட்டார்கள். டாக்டர் வாசல்வரை வந்தார். வெளியே நீள பெஞ்சில் அடுத்த மாத டப்பாவுக்காக ஆட்கள் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். மணப்பாட்டு அண்ணாச்சியும் கூட்டாளியும் தலையைச் சேர்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் அண்ணாச்சி பெட்டி மூடியைப் பட்டென்று சாத்தினார்.

நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் அந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி," என்று கோஆர்டினேட்டர் அம்மாவிடம் மெல்லக் கேட்டாள், "வேற யாராவது...?"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் என் பங்கத்தான் சொல்ல முடியும்," என்று சொல்லிவிட்டு அம்மா நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் லாத்தாவுக்குத் தாகம். நான் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி, திறக்காமலே பழக்க தோஷத்தில் அம்மாவிடம் நீட்டிவிட்டேன். திரும்ப வாங்கலாம் என்று கை நீட்டுவதற்குள் அவள் அதைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, மூடியைப் பிடித்து, முகத்தைச் சுளித்துத் திருகினாள். கட்டென்று சத்தம் கேட்டது.

"இந்தாங்க லாத்தா."

லாத்தா குடித்தார். நான் அம்மாவின் கையிலிருந்த மூடியை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர் பழைய பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்திருப்பாரோ என்று பாட்டில் கழுத்தையும் பார்த்தேன். சீல் வளையம் அப்போதுதான் அறுந்திருந்தது.

"என்னளா பாக்க?"

"ஒண்ணுமில்லம்மா."

அம்மா விரல்களை ஒருமுறை மடக்க முயன்றாள். பாதிதான் மடங்கியது. காயல்பட்டினம் வழி திருச்செந்தூர் பஸ் வந்ததும் அதே கையால் லாத்தாவின் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

"சனிக்கெழம வாரேன்," என்றாள். "இந்தத் தடவ நெசமாவே கருவாடுதான்."